“அது எத்தனை டச்?”: தொழில்நுட்பச் செய்திகளைச் சேலம் ஏன் உடனே நம்புவதில்லை

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் என் தாய்மாமாவுக்கு ஒரு சின்ன வெள்ளிப் பட்டறை இருக்கிறது. நாலு பேர் தரையில் உட்கார்ந்து கொலுசு செய்யும் இடம். மதியச் சாப்பாடு முடிந்ததும் யாராவது ஒருவர் செல்போனில் செய்தியைச் சத்தமாக வைப்பார். அப்படி ஒரு நாள், செயற்கை நுண்ணறிவு இன்னும் சில வருடங்களில் மனிதர் செய்யும் எல்லா வேலையையும் செய்துவிடும் என்று ஒரு பெரிய நிறுவனத்தின் தலைவர் சொன்னதாகச் செய்தி ஓடியது. மாமா குனிந்த தலையை நிமிர்த்தாமல் கேட்டார்: “அது எத்தனை டச் மாப்ளே?”

வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன். டச் என்றால் வெள்ளியின் தரம். 80 டச் கொலுசு என்றால் 100 கிராமில் 80 கிராம்தான் வெள்ளி, மீதி செம்பு மாதிரி கலப்பு. ஹால்மார்க் முத்திரையில் 800 என்றும் 925 என்றும் போடுவது இதே கணக்குதான். வெள்ளிக்கு ஒவ்வொரு நகைக்கும் தனி எண்ணோடு ஹால்மார்க் போடும் முறை 2025 செப்டம்பர் 1 முதல் வந்திருக்கிறது, அதுவும் விருப்பப்பட்டால்தான். ஆகவே சரக்கு கைமாறும்போது வாங்குகிறவர் கேட்கும் முதல் கேள்வி டச். விற்பவர் சொல்வதை யாரும் அப்படியே எடுத்துக்கொள்வதில்லை. அதற்காக விற்பவரும் கோபப்பட மாட்டார்.

டச் பார்க்க இப்போது எக்ஸ்ரே மெஷின் வந்துவிட்டது. கொலுசை உள்ளே வைத்தால் சில நொடிகளில் எண் வரும். ஆனால் அந்த மெஷின் பார்ப்பது மேல்தோலை மட்டும்தான். மேலே நல்ல வெள்ளிப் பூச்சு இருந்தால் உள்ளே என்ன இருந்தாலும் அதற்குத் தெரியாது. கண்ணிகளைச் சேர்க்கும் பற்று வைத்த இடங்களில் வெள்ளி குறைவாக இருக்கும். பற்று அதிகமாக அதிகமாக மொத்த டச் இறங்கும். அதனால் சந்தேகம் இருந்தால் துண்டு வெட்டி உருக்கிப் பார்ப்பார்கள். உருக்கினால்தான் உண்மையான எண் வரும்.

தொழில்நுட்பச் செய்திகளை நம் ஊர் எப்படி எதிர்கொள்கிறது என்று யோசிக்கும்போதெல்லாம் எனக்கு இந்த நினைப்புதான் வருகிறது. ஐந்து ரோடு டீக்கடையிலும் சரி, கருப்பூர்ப் பக்கம் பொறியியல் படிக்கும் பையன்களிடமும் சரி, பெரிய நிறுவனத்தின் அறிவிப்பு வந்தால் முதலில் வருவது “ஆமாமா, பார்க்கலாம்” என்கிற பேச்சு. இதைப் படிப்பறிவு குறைவு, புதுசுக்குப் பயம் என்று சிலர் எழுதுகிறார்கள். அதை நான் ஒப்புக்கொள்ளவில்லை. இந்தச் சந்தேகம் அடிபட்டுச் சம்பாதித்தது. அதில் தப்பான சந்தேகமும் கலந்திருக்கிறது என்பதும் உண்மை. இரண்டையும் பிரித்துப் பார்க்க வேண்டும் என்பதுதான் என் ஆசை.

பக்கத்திலிருந்தே தொடங்கலாம். சேலத்திலிருந்து பெங்களூரு சாலையைப் பிடித்தால் கிருஷ்ணகிரி மாவட்டம். அங்கே போச்சம்பள்ளியில் மின்சார ஸ்கூட்டர் தொழிற்சாலை அமைக்க ஓலா நிறுவனம் 2020 டிசம்பரில் தமிழ்நாடு அரசோடு ஒப்பந்தம் போட்டது. முதலீடு 2,400 கோடி ரூபாய், வேலை 10,000 பேருக்கு என்றார்கள். முழு அளவில் ஓடும்போது ஆண்டுக்கு 1 கோடி வண்டிகள், உலகத்திலேயே பெரிய இருசக்கர வாகனத் தொழிற்சாலை என்றும் சொன்னார்கள். தொழிற்சாலை வந்தது, அது நிஜம். வண்டிகளும் நம் தெருக்களில் ஓடுகின்றன. ஆனால் 2023-24 நிதியாண்டில் அந்த நிறுவனம் வாடிக்கையாளர்களிடம் ஒப்படைத்த வண்டிகள் சுமார் 3 லட்சத்து 29 ஆயிரம். 2024 அக்டோபரில், 10,000-க்கு மேற்பட்ட புகார்கள் வந்திருப்பதாகச் சொல்லி மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் அதற்கு நோட்டீஸ் அனுப்பியது. 1 கோடிக்கும் 3.29 லட்சத்துக்கும் நடுவில் இருக்கிற தூரத்தைப் பாருங்கள். முழுக்கப் பொய் என்று சொல்ல முடியாது. டச் குறைவு என்று தாராளமாகச் சொல்லலாம்.

எண்ணை ஏன் இவ்வளவு பெரிதாகச் சொல்ல வேண்டும்? அந்த அறிவிப்பு நமக்காகச் செய்யப்படுவதில்லை என்பதுதான் காரணம். கடைக்காரர் விளம்பரம் செய்தால் அது வாங்குகிறவருக்கு. தொழில்நுட்ப நிறுவனத்தின் அறிவிப்பு பெரும்பாலும் முதலீட்டாளருக்கும், பங்குச் சந்தைக்கும், நிலமும் சலுகையும் தரும் அரசுக்கும் போகிற கடிதம். இன்றைய லாபத்தை வைத்து அவர்கள் பணம் போடுவதில்லை, நாளைக்கு எவ்வளவு பெரிதாகும் என்கிற கற்பனையை வைத்துத்தான் போடுகிறார்கள். ஆகவே கற்பனை பெரிதாக இருந்தே ஆக வேண்டும். செய்தித்தாளில் நாம் படிப்பது, வேறொருவருக்கு எழுதப்பட்ட கடிதத்தின் நகல்.

அந்தக் கடிதத்தில் ஒரு வரி பிசகினால் என்ன ஆகும் என்று 2023 பிப்ரவரியில் பார்த்தோம். கூகுள் தன் பார்ட் என்னும் உரையாடல் மென்பொருளை அறிமுகப்படுத்திய விளம்பரத்தில், ஜேம்ஸ் வெப் தொலைநோக்கியைப் பற்றிய ஒரு பதில் தப்பாக இருந்தது. ஒரே நாளில் அதன் தாய் நிறுவனமான ஆல்ஃபபெட்டின் சந்தை மதிப்பில் சுமார் 10,000 கோடி டாலர் போய்விட்டது. ஒரு பதிலுக்கு இவ்வளவு விலை இருக்கிறது என்றால், அடுத்த முறை மேடையில் காட்டுவதை எவ்வளவு மெருகு போட்டுக் காட்டுவார்கள்? அதே வருடம் டிசம்பரில் கூகுளின் அடுத்த மென்பொருளான ஜெமினியை அறிமுகப்படுத்தி ஒரு காணொளி வந்தது. ஒருவர் படம் வரைய வரைய, அந்த மென்பொருள் பார்த்துப் பேசிக்கொண்டே இருப்பது போல இருந்தது. பிறகு கூகுளே ஒப்புக்கொண்டது, அது நேரடியாக நடந்த உரையாடல் இல்லை, நிலைப் படங்களையும் எழுத்தில் கொடுத்த கேள்விகளையும் வைத்துத் தயாரித்தது என்று. மென்பொருள் பொய் இல்லை. காட்டிய விதத்தில் பூச்சு அதிகம்.

கல்லாப்பெட்டியே இல்லாத கடை என்று அமேசான் 2018 ஜனவரியில் அமெரிக்காவின் சியாட்டில் நகரத்தில் ஒன்றைத் திறந்தது. பொருளை எடுத்துக்கொண்டு நடந்து வெளியே போகலாம், கேமராவும் கணினியும் கணக்குப் போட்டுக்கொள்ளும். அதைக் காணொளியில் பார்த்து நானும் வாயைப் பிளந்தவன்தான். 2024 ஏப்ரலில் ஒரு செய்தி வந்தது: அந்தத் தொழில்நுட்பத்துக்குப் பின்னால் இந்தியாவில் சுமார் 1,000 பேர் உட்கார்ந்து காணொளிகளைப் பார்த்துச் சரிபார்க்கிறார்கள் என்று. அமேசான் அதை மறுத்தது. மனிதர்கள் இருப்பது கணினிக்குக் கற்றுக்கொடுக்கத்தான், கொஞ்சம் விற்பனையை மட்டுமே அவர்கள் சரிபார்க்கிறார்கள் என்றது. எப்படி இருந்தாலும் மனிதர்கள் இருந்தார்கள் என்பதில் இரண்டு பேச்சு இல்லை.

இந்தச் செய்தி சேலத்தில் யாரையும் பெரிதாக அதிர்ச்சியடைய வைக்கவில்லை. அந்த மாதிரி வேலையை இங்கேயே செய்கிறார்கள். என் சித்தி மகள் இரண்டு வருடம் அப்படி ஓர் இடத்தில் வேலை பார்த்தாள். ஏதோ நாட்டுச் சாலையின் படம் திரையில் வரும். படத்தில் இருக்கிற ஒவ்வொரு ஆள், ஒவ்வொரு வண்டி, ஒவ்வொரு சிக்னல் கம்பத்தையும் சுற்றிச் சுட்டியால் கட்டம் போட்டு, இது கார், இது லாரி என்று பெயர் கொடுக்க வேண்டும். கட்டம் வண்டியின் ஓரத்தைச் சரியாகத் தொட வேண்டும், கொஞ்சம் விலகினாலும் திரும்பி வந்துவிடும். ஒரு முறை நம் நாட்டுச் சாலைப் படங்கள் வந்திருக்கின்றன. அவளிடம் கொடுத்த பட்டியலில் ஆட்டோ என்கிற பெயரே இல்லை. காரில் சேர்ப்பதா, மூன்று சக்கர மிதிவண்டியில் சேர்ப்பதா என்று மேலே கேட்டு, பதில் வருவதற்குள் அன்றைய வேலை அப்படியே நின்றுபோனது. “தானா ஓடற வண்டின்னு டிவியில சொல்றாங்க, அண்ணா. அதுக்கு ஆட்டோன்னா என்னன்னு நாங்கதான் சொல்லித் தரணும்” என்றாள்.

தானாக ஓடும் வண்டி என்றதும் இன்னொன்றும் நினைவுக்கு வருகிறது. 2017 முடிவதற்குள் லாஸ் ஏஞ்சல்ஸிலிருந்து நியூயார்க் வரைக்கும் ஆள் கை படாமல் ஒரு டெஸ்லா கார் ஓடும் என்று 2016 அக்டோபரில் எலான் மஸ்க் சொன்னார். 2017 முடிந்தது. அந்தப் பயணம் நடக்கவில்லை. ஆனால் அவர் சொன்னது தலைப்புச் செய்தி ஆனது போல, நடக்காமல் போனது தலைப்புச் செய்தி ஆகவில்லை. எனக்கு ஆதங்கம் இங்கேதான். அறிவிப்புக்கு நாள் இருக்கிறது, மேடை இருக்கிறது, நிருபருக்கு அழைப்பு இருக்கிறது. நடக்காமல் போனதற்கு இதில் எதுவும் கிடையாது. தேடிப் போய் எழுதினால்தான் உண்டு. தமிழில் தொழில்நுட்பச் செய்தி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் வந்ததை அவசரமாக மாற்றி எழுத வேண்டியிருக்கிறது. “என்று நிறுவனம் கூறுகிறது” என்கிற மூன்று சொற்கள் அந்த அவசரத்தில் விழுந்துவிட்டால், ஒருவருடைய ஆசை உலகத்துச் செய்தியாகிவிடும். தலைப்பில் வினைச்சொல் ‘செய்யும்’ என்று முடிகிறதா, ‘செய்கிறது’ என்று முடிகிறதா என்று பார்ப்பதை நான் பழக்கமாக வைத்திருக்கிறேன். செய்யும் என்றால் இன்னும் உருக்கிப் பார்க்கவில்லை.

சில சமயம் உருக்கிப் பார்க்க ஒருவர் போதும். ஒரு சொட்டு ரத்தத்தில் ஏகப்பட்ட பரிசோதனை என்று சொன்ன தெரானோஸ் நிறுவனம் 900 கோடி டாலர் மதிப்புக்குப் போனது. 2015 அக்டோபரில் ஒரு பத்திரிகை நிருபர் உள்ளே என்ன நடக்கிறது என்று எழுதிய பிறகுதான் சாயம் வெளுத்தது. 2022 ஜனவரியில் அதை நிறுவிய எலிசபெத் ஹோம்ஸ் முதலீட்டாளர்களை ஏமாற்றிய குற்றவாளி என்று தீர்ப்பானது.

இதுவரைக்கும் சொன்னது “இது வேலை செய்யுமா?” என்கிற சந்தேகம். ஏற்காட்டில் இருப்பவர்களின் சந்தேகம் வேறு மாதிரி. அவர்களுக்கு அது வேலை செய்யும் என்று நன்றாகத் தெரியும். வேலை செய்ததால்தான் பிரச்சினையே.

ஒண்டிக்கடை தாண்டி, காப்பித் தோட்டத்துக்குள் நாலு அறைகளை வாடகைக்கு விடும் ஒருவர் எனக்குப் பல வருடப் பழக்கம். சில்வர் ஓக் மரங்களில் மிளகுக் கொடி ஏறியிருக்கும், முற்றத்தில் காப்பிக் கொட்டை காயும், அப்படி ஒரு வீடு. முன்பெல்லாம் மலை ஏறி வருகிறவர்கள் கேட்டு விசாரித்து வருவார்கள். அப்புறம் ஒரு முன்பதிவுச் செயலியிலிருந்து ஆள் வந்தார். முதல் வருடம் கமிஷன் கம்மி, வாடிக்கையாளருக்குத் தள்ளுபடியை அவர்களே கொடுத்தார்கள், வார இறுதியில் அறை காலியாகவே இல்லை. அவர் தன் பழைய நோட்டில் போன் நம்பர் எழுதி வைப்பதை விட்டுவிட்டார். மூன்றாவது வருடம் கமிஷன் ஏறியது. பட்டியலில் மேலே வர வேண்டுமென்றால் இன்னும் கொஞ்சம் கட்ட வேண்டும் என்றார்கள். நேரில் வருகிறவருக்குக் குறைந்த வாடகை சொல்லக் கூடாது என்பது ஒப்பந்தத்திலேயே இருந்ததாம். வேண்டாம் என்று விலகலாம் என்றால், வாடிக்கையாளர் நோட்டு இப்போது செயலியிடம் இருக்கிறது.

இது ஓர் ஆளின் கதை மட்டும் இல்லை. நிறுவனங்கள் நியாயமாகப் போட்டி போடுகின்றனவா என்று பார்க்கும் இந்தியப் போட்டி ஆணையம், 2022 அக்டோபரில் முன்பதிவுத் தளம் நடத்தும் மேக்மைட்ரிப்-கோஐபிபோ நிறுவனத்துக்கு 223.48 கோடி ரூபாயும், விடுதி நிறுவனமான ஓயோவுக்கு 168.88 கோடி ரூபாயும் அபராதம் போட்டது. விடுதிகள் வேறு இடத்தில் குறைந்த விலைக்கு அறை தரக் கூடாது என்று கட்டுப்படுத்தியதும், ஓயோவோடு ஏற்பாடு செய்துகொண்டு அதற்குப் போட்டியான நிறுவனங்களின் விடுதிகளைத் தளத்திலிருந்து எடுத்துவிட்டதும் அந்த உத்தரவில் வருகின்றன. அதே மாதம் கூகுளுக்கு ஆண்ட்ராய்டு விஷயத்தில் 1,337.76 கோடி, பிளே ஸ்டோர் விஷயத்தில் 936.44 கோடி. “பெரிய கம்பெனிக்காரன் முதல்ல இனிப்பு கொடுப்பான்” என்று மலையில் சொல்லும் பேச்சுக்கும் ஆணையத்தின் உத்தரவுக்கும் மொழிதான் வேறு.

வாட்ஸ்அப் விஷயத்தில் இன்னும் தெளிவாகத் தெரியும். 2014-ல் ஃபேஸ்புக் அதை வாங்கியபோது, இரண்டு தளங்களின் கணக்குகளையும் தானாக இணைப்பது நம்பகமாகச் செய்யக்கூடியது இல்லை என்று ஐரோப்பிய ஆணையத்திடம் சொன்னது. 2016-ல் வாட்ஸ்அப் விதிகளை மாற்றியது, போன் எண்ணை வைத்து இணைப்பதற்கு வழி வந்தது. 2014-லேயே அது முடியும் என்று அவர்களுடைய ஆட்களுக்குத் தெரிந்திருந்தது என்று கண்டுபிடித்து, 2017 மே மாதம் ஆணையம் 11 கோடி யூரோ அபராதம் விதித்தது. 2021 ஜனவரியில் மறுபடியும் புது விதி. நம் ஊரிலும் ஆளாளுக்கு சிக்னல், டெலிகிராம் என்று வேறு செயலிகளை இறக்கினோம். பட்டறைக்காரர்களும் இறக்கினார்கள். ஆனால் கொலுசு டிசைன் படமும் ஆர்டரும் வருவது வாட்ஸ்அப்பில். ஹைதராபாத் வியாபாரி அங்கே இருக்கும்போது சேலத்துக்காரர் மட்டும் எங்கே போவது? ஒரே மாதத்தில் எல்லாரும் பழைய இடத்துக்கே வந்தாயிற்று. அந்த 2021 மாற்றத்துக்காகப் போட்டி ஆணையம் 2024 நவம்பரில் மெட்டாவுக்கு (ஃபேஸ்புக் நிறுவனத்தின் இப்போதைய பெயர்) 213.14 கோடி அபராதம் போட்டது, மெட்டா மேல்முறையீட்டுக்குப் போனது. சந்தேகம் சரியாகவே இருந்தும் அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாத நிலைமை இது. நம் ஆட்கள் சலித்துப்போவது இதனால்தான் என்று நினைக்கிறேன்.

சரி, சந்தேகப்பட்டவர்கள் தோற்ற கதையும் இருக்கிறது, அதையும் நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். 2007-ல் ஐபோன் வந்தபோது அதற்குப் பெரிய சந்தைப் பங்கு கிடைக்க வாய்ப்பே இல்லை என்றவர் மைக்ரோசாஃப்டின் தலைவராகவே இருந்த ஸ்டீவ் பால்மர். யுபிஐ 2016 ஏப்ரலில் அறிமுகமானபோது நம் கடைவீதியில் அதை நம்பியவர்கள் குறைவு. மாமா பல வருடம் அதைத் தொடவே இல்லை. பணம் கையில் விழுந்தால்தான் பணம் என்பார். 2023 ஆகஸ்டில் அது ஒரே மாதத்தில் 1,000 கோடிப் பரிமாற்றங்களைத் தாண்டியது. இன்று லீ பஜார் மூட்டை தூக்கும் தொழிலாளியிலிருந்து தட்டுவடை செட் விற்கும் அக்கா வரைக்கும் கியூஆர் அட்டை தொங்குகிறது. உருக்கிப் பார்த்தும் டச் இறங்காத சரக்கு அது.

ஆனால் மாமா அதிலும் ஒரு கேள்வி கேட்டார்: “என்கிட்டயும் காசு பிடிக்கல, உன்கிட்டயும் பிடிக்கல. அப்ப நடத்தறவனுக்கு எங்கிருந்து வருது?” நல்ல கேள்வி. 2020 ஜனவரியிலிருந்து யுபிஐ-க்கு வியாபாரியிடம் கட்டணம் வாங்கக் கூடாது என்பது விதி. வங்கிகளுக்கு அரசு ஊக்கத்தொகை தருகிறது. செயலி நிறுவனங்கள் நம்மைத் தங்களிடம் இருக்க வைத்து, பிறகு கடன், காப்பீடு என்று விற்க நினைக்கின்றன. யுபிஐ பொதுச் சொத்து மாதிரி இருந்தாலும், போன்பே, கூகுள் பே என்கிற இரண்டு செயலிகளில்தான் சுமார் 80 சதவீதம் நடக்கிறது. எந்தச் செயலியும் 30 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று யுபிஐ-யை நடத்தும் தேசியக் கொடுப்பனவுக் கழகம் 2020 நவம்பரில் சொன்னது. அதற்கான கெடு தள்ளிப்போய்த் தள்ளிப்போய் 2026 டிசம்பருக்கு வந்து நிற்கிறது. பொருள் நல்லது என்பது ஒரு கேள்விக்கான பதில். சாவி யார் கையில் என்பது வேறு கேள்வி.

எனக்குக் கவலையாக இருப்பது, நம்முடைய சந்தேகம் தப்பான வாசலில் போய் நிற்கும்போதுதான். 2021-ல் 5ஜி கோபுரத்தால்தான் கொரோனா பரவுகிறது என்று ஒரு ஃபார்வர்டு சுற்றியது. அப்போது இந்தியாவில் 5ஜி சேவையே தொடங்கவில்லை, 2022 அக்டோபரில்தான் வந்தது. தொலைத்தொடர்புத் துறை மறுத்து அறிக்கை விட வேண்டியதாகிவிட்டது. அதே சமயத்தில், கண்ணுக்குத் தெரியாத கதிரைப் பார்த்துப் பயந்த அதே ஆட்கள், ஐயாயிரம் ரூபாய் கடனுக்காக ஏதோ ஒரு செயலிக்கு மொத்தத் தொடர்பு எண்களையும் புகைப்படங்களையும் திறந்துவிட்டார்கள். தவணை தவறியதும் சொந்தக்காரர்களுக்கெல்லாம் போன் போனது. எங்கள் தெருவிலேயே ஒரு குடும்பம் அந்த அவமானத்தில் வீட்டைக் காலி செய்துவிட்டுப் போனது. கடன் செயலிகள் தொடர்புப் பட்டியலைத் தொடக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022 செப்டம்பரில் விதி போட்டது. அதற்குள் எத்தனையோ பேர் பட்டுவிட்டார்கள்.

நிறுவனத்தின் அறிவிப்பை நம்பாதவர், அதை மறுக்கும் ஃபார்வர்டை மட்டும் ஏன் நம்ப வேண்டும்? அதற்கும் டச் பார்க்க வேண்டாமா? “எல்லாம் ஏமாத்து வேலை” என்று சொல்லிவிட்டுப் போவது, மெஷினில் வைக்காமலேயே சரக்கைத் திருப்பி அனுப்புவது மாதிரி. அப்படிச் செய்கிற வியாபாரி செவ்வாய்ப்பேட்டையில் ஒரு மாதம்கூடத் தாங்க மாட்டார்.

அன்றைக்குப் பட்டறையில் பேச்சு அதோடு முடியவில்லை. வேலைக்குப் புதிதாகச் சேர்ந்த பையன், “மாமா, அது டிசைன் போட்டுத் தருது, பாருங்க” என்று தன் போனை நீட்டினான். செயற்கை நுண்ணறிவில் அவன் கேட்டு வாங்கிய கொலுசுப் படம். கொடி, மயில், நடுவில் ஒரு தாமரை, கீழே வரிசையாகச் சலங்கை. பார்க்க அழகாகவே இருந்தது. மாமா கண்ணாடியை ஏற்றி விட்டுக்கொண்டு, படத்தை விரலால் பெரிதாக்கிப் பெரிதாக்கி ஐந்து நிமிடம் பார்த்தார். “இங்க பாரு, இந்தக் கண்ணி எங்கயும் போய்ச் சேரல. அந்தரத்துல நிக்குது. மயிலுக்குக் கால் மூணு. இந்த இடத்துல பற்று வச்சா ஒரே நாள்ல விட்டுரும்” என்று ஒவ்வொன்றாகக் காட்டினார். பையனின் முகம் வாடியது.

அப்புறம் தாமரை இருந்த இடத்தில் விரலை வைத்தார். “இது மட்டும் நல்லா இருக்கு. இதழ் இப்படி மடங்கறது நமக்குத் தோணல.” போனைப் பலகையில் சாய்த்து வைத்துவிட்டு, கம்பிச் சுருளிலிருந்து ஒரு துண்டு வெட்டி, சாமணத்தால் முதல் இதழை வளைக்க ஆரம்பித்தார்.